மொட்டை மாடியில் பதினோராவது மாடி

வீடு மாறும்போது முதலில் கட்டிலைத்தான் கொண்டுபோக வேண்டும். நிறையப் பேர் சமையல் சாமான்களை முன்னால் ஏற்றிவிட்டு, கட்டிலைக் கடைசியில் லாரியின் வாலில் கட்டுவார்கள். அது சரிப்படாது. அலுத்துக் களைத்து வருகிற மனிதனுக்கு உட்கார முதலில் ஓர் இடம் வேண்டும். கட்டில் எங்கே என்று முடிவாகிவிட்டால் மற்ற சாமான்களெல்லாம் அதனதன் இடத்தைத் தானாகக் கண்டுபிடித்துக்கொள்ளும். சாமான் இறக்க வந்தவர்களிடம் இதைத்தான் சொன்னேன். "கட்டில் முதல்ல. தலைமாடு இந்தச் சுவரோரம்" என்று கையைக் காட்டினேன். கேட்டுப் பாருங்கள், அவர்களும் அதையே சொல்வார்கள்.

என் தம்பி மனைவியை நீங்கள் உட்காரவைத்துத் துருவித் துருவிக் கேட்கிறீர்கள் என்று தெரிந்துதான் நானாக வந்தேன். பால்கனிச் சாவி அவள் கைப்பையில் இருந்தது. கட்டடக் கம்பெனிக்காரர்கள் அதை அவள் கையில்தான் கொடுத்தார்கள். சந்தேகப்படுவது உங்கள் வேலை, அதில் குற்றம் சொல்ல நான் யார்? ஆனால் ஆள் மாறிவிட்டது. அவளை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அவள் மேல் எனக்குப் பாசம் பொத்துக்கொண்டு வருவதாக நினைக்க வேண்டாம். காரணம் வேறு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் தையல்காரி. பெண்களுக்கான துணி மட்டும் தைப்பேன். தம்பியை நான் குட்டி என்றுதான் கூப்பிடுவேன். நாற்பது தாண்டி, காதோரம் நரைத்து, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிற ஆள்தான், ஆனாலும் எனக்குக் குட்டி. கல்லூரி முடிக்கிற சமயத்தில் ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனபோது பார்வையையும் கொண்டுபோய்விட்டது. அம்மா அதற்கு முன்பே போய்விட்டாள். அப்பா அந்த வருஷமே மனம் விட்டுப்போய்ப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. மிச்சம் நானும் அவனும் அந்த வீடும்.

அவனுக்கு வீட்டைக் கற்றுக்கொடுத்தது நான்தான். ஒவ்வோர் அறையாக, தோளைப் பிடித்து, "இங்க திரும்பு, இங்க ஒரு எட்டு, இங்க கதவு" என்று. எந்தச் சாமானையும் சொல்லாமல் நகர்த்தக் கூடாது, எடுத்ததை எடுத்த இடத்தில் வைக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். போட்டவள் நான். கொஞ்ச நாளில் அவன் வீட்டுக்குள் தடி இல்லாமல், சுவரைத் தொடாமல் நடக்க ஆரம்பித்தான். வந்தவர்கள் அவனுக்குக் கண் தெரியாது என்பதை நம்பவே மாட்டார்கள். அவனுக்கும் அதில் பெருமை. பிறகு வீட்டிலிருந்தபடியே வேலையும் கிடைத்தது. குளிர்சாதனப் பெட்டி விற்கிற கம்பெனிக்காகத் தொலைபேசியில் புகார் கேட்கிற வேலை. மறுமுனையில் யார் எப்படிக் கத்தினாலும் வெண்ணெய் மாதிரி பேசுவான்.

ஒரு நாள் துணி காயப்போடும் அவசரத்தில், தையல் முக்காலியை நடைவழியில் மறந்துவிட்டேன். சத்தியமாக மறதிதான். குட்டி அதில் தடுக்கி விழுந்து மணிக்கட்டைப் பிசகிக்கொண்டான். அப்புறம் ஒரு வாரம் வீட்டுக்குள்ளேயே என் கையைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தான். தண்ணீர் குடிக்க அக்கா, சட்டை மாட்ட அக்கா, ஜன்னலைத் திறக்க அக்கா. அவன் சின்னவனாக இருந்தபோதுகூட அந்த வீட்டில் என்னை யாரும் அத்தனை தடவை கூப்பிட்டதில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. சந்தோஷமாக இருந்தேன் என்றே சொல்கிறேன், எதற்கு மறைக்க வேண்டும்?

அதற்குப் பிறகு எப்போதாவது ஒரு வாளி, எப்போதாவது ஒரு நாற்காலி. அவன் தனியாக வெளியே போகிறேன் என்று கிளம்பும்போது, வீட்டுக்குள்ளேயே சின்னதாக ஒரு தடுக்கல். பெரிய காயம் ஒன்றும் பட்டதில்லை, பார்த்துத்தான் வைப்பேன். உலகம் அவனுக்காகச் சாமான்களை ஒதுக்கிவைக்காது என்பதை அவன் மறந்துபோகக் கூடாதல்லவா? அந்த நினைப்பில்தான் செய்தேன்.

அப்போதுதான் அவள் வந்தாள். அவள் ஓர் ஆஸ்பத்திரியில் மருந்து எடுத்துக்கொடுக்கிற வேலை பார்க்கிறாள். குளிர்சாதனப் பெட்டி கெட்டுப்போய் மருந்தெல்லாம் வீணாகிறது என்று சண்டை போடக் கூப்பிட்டவள். பெட்டி சரியான பிறகும் கூப்பிடுவதை நிறுத்தவில்லை. குட்டி அவளை டாக்டரம்மா என்பான். "நான் டாக்டர் இல்லப்பா" என்று அவள் சொல்வாள், அவன் மறுபடியும் டாக்டரம்மா என்பான், இரண்டு பேரும் சிரிப்பார்கள். தினமும் அதே ஜோக். கல்யாணம் ஆன பிறகும் அதே ஜோக்.

அவளுக்குக் கண் எங்கேயும் நிற்காது, அலைந்துகொண்டே இருக்கும். வந்த புதிதில் சமையலறையில் என்னிடம் சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"அண்ணி, அவர் தனியா வெளிய கிளம்பற அன்னிக்கு மட்டும் எப்படி ஏதாவது இடம் மாறிடுது?"

"அப்படியா? நான் கவனிக்கலையே" என்றேன்.

"நானும் முதல்ல கவனிக்கல" என்றாள். பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

மறுநாளிலிருந்து வேலைக்குப் போகும் முன்பு நடைவழியையும் கூடத்தையும் போனில் படம் பிடிக்க ஆரம்பித்தாள். வீடு அழகாக இருக்கிறதாம், அதனால் பிடிக்கிறாளாம். சில நாள் மதியத்தில் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்பாள், பர்ஸை மறந்துவிட்டேன் என்பாள். பர்ஸ் அவள் கையிலேயே இருக்கும். அவள் என்னைப் பார்ப்பாள், நான் அவள் பார்ப்பதைப் பார்ப்பேன். நடுவில் குட்டி ஒன்றும் தெரியாமல் பாட்டை முணுமுணுத்தபடி நடந்துபோவான். ஒரே வீட்டில் இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் உளவு பார்ப்பது அலுப்பான வேலை. சாப்பாடுகூட ருசிக்காது.

பிறகு ஒரு நாள் அடுக்குமாடி விஷயம் வந்தது. பதினோராவது மாடியில் இரண்டு அறை உள்ள ஃப்ளாட் பார்த்திருந்தார்கள். ஓர் அறை அவர்களுக்கு, இன்னோர் அறை அவன் வேலைக்கு. லிஃப்டில் பேசுகிற வசதி இருக்கிறதாம், எந்த மாடி என்று அதுவே சொல்லுமாம். கீழே கடை, கிளினிக் எல்லாம் ஒரே வளாகத்துக்குள். யார் கையையும் பிடிக்க வேண்டாம். எனக்கு என் தையல் கடைக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன போர்ஷன் பார்த்துவிட்டார்களாம்.

"நீ அடிக்கடி வந்து போயிட்டு இரு அக்கா" என்றான் குட்டி.

விருந்தாளியிடம் சொல்கிற வார்த்தை அது. அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, எனக்குத் தெரியும். அவன் குரலா, அதற்குள் அவள் குரலா என்றுதான் யோசித்தேன். பழைய வீட்டை விற்கக் கையெழுத்துப் போட்டேன். முகத்தைச் சுளிக்கவில்லை.

புது வீட்டைக் குட்டிக்குப் பழக்குவது யார் என்ற கேள்வி வந்தது. அதில் என்னை விட்டால் ஆள் கிடையாது, அவளுக்கும் அது தெரியும். வேண்டாவெறுப்பாகத் தலையாட்டினாள். அங்கே வேலை இன்னும் முடியவில்லை, அவனைக் கூட்டிப்போய்ப் பழக்க முடியாது. கட்டடக் கம்பெனியின் விளம்பரத் தாளில் ஃப்ளாட்டின் வரைபடம் இருந்தது. நான் அதை அளவெடுத்து, எங்கள் மொட்டை மாடியில் அப்படியே விரித்தேன். சுவருக்குப் பதிலாக நாற்காலிகளுக்கு இடையே கயிறு. கதவு இருக்கும் இடத்தில் கயிறு இருக்காது. வாசற்படிக்கு ஒரு பலகை. கட்டிலுக்குப் பழைய கயிற்றுக்கட்டில். தினமும் அவன் வேலை முடிந்து, வெயில் இறங்கிய பிறகு மேலே போவோம்.

"அக்கா, இது வீடா, சர்க்கஸ் கூடாரமா?" என்று கேட்டான் முதல் நாள்.

"கோமாளி வந்தாச்சு, இனிமே சர்க்கஸ்தான்" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தான்.

அந்த மாலை நேரங்கள் எனக்கு மிகவும் பிடித்தவை. அவன் தோள் என் கைக்குள் இருந்தது. கட்டிலில் உட்கார்ந்தால் இடது கைப் பக்கம் பாத்ரூம், வலது கைப் பக்கம் பால்கனி. பாத்ரூமுக்குள் நுழையும்போது ஒரு சின்ன இறக்கம், அப்புறம் இரண்டு எட்டு, கையை நீட்டினால் வாஷ்பேசின். பத்து தடவை, இருபது தடவை. மொட்டை மாடி அல்லவா, எந்தப் பக்கம் போனாலும் முகத்தில் காற்று அடிக்கும். அதை நான் திட்டம் போட்டுச் செய்யவில்லை. செய்யாததை ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஜன்னல் திரைகளுக்கு அளவெடுக்க ஒரு நாள் அவளோடு அந்த ஃப்ளாட்டுக்குப் போனேன். கதவைத் திறந்ததுமே தெரிந்துவிட்டது. சமையலறை இந்தப் பக்கம் இருக்க வேண்டும், அந்தப் பக்கம் இருந்தது. விளம்பரத் தாளில் போட்டிருந்தது லிஃப்டுக்கு வலது பக்கத்து ஃப்ளாட். இவர்கள் வாங்கியது இடது பக்கத்து ஃப்ளாட். கண்ணாடியில் பார்ப்பதுபோல எல்லாமே இடவலம் மாறியிருந்தது. துணியை மடித்துப்போட்டு வெட்டினால் ரவிக்கையின் இரண்டு முன்பக்கமும் ஒன்றாக வரும். ஒன்று இடதுக்கு, ஒன்று வலதுக்கு. இதை வைத்து முப்பது வருஷம் பிழைத்தவள் நான். வரைபடத்தைப் பார்த்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை, அது மட்டும் நிஜமான தப்பு.

படுக்கையறைக்குப் போனோம். இடது கைப் பக்கம் பால்கனி, பாத்ரூம் மாதிரியே அதன் வாசலிலும் ஒரு சின்ன இறக்கம். அதில் தடுப்புக்குப் போட்ட கண்ணாடி விரிசல் விட்டுக் கழற்றியிருந்தார்கள். புதுக் கண்ணாடி வரும்வரை கதவைப் பூட்டிச் சாவியை அவளிடம் கொடுத்தார்கள். பழைய வீட்டை வாங்கியவர்கள் அவசரப்படுத்தினார்கள், கண்ணாடிக்காகக் காத்திருக்க முடியாது. அவள் பூட்டை இழுத்து இழுத்துப் பார்த்தாள். நான் திரைக்கு அளவெடுத்தேன்.

அன்று சாயங்காலம் மொட்டை மாடியில் கயிறுகளை அவிழ்த்தேன்.

"ஒரு சின்னக் குளறுபடி குட்டி. கூடமும் சமையலறையும் அந்தப் படத்துல மாத்திப் போட்டிருக்கான். திரும்பக் கத்துக்கணும்."

"நாசமாப் போச்சு. சரி, படுக்கையறை?"

எனக்கு யோசிக்க நேரம் இருந்தது. அவசரத்தில் வாய் தவறியது என்று சொல்ல மாட்டேன். ஒரு முடிச்சை அவிழ்த்து, கயிற்றைச் சுருட்டி, அதற்குப் பிறகுதான் பதில் சொன்னேன்.

"அது அப்படியேதான்."

டாக்டரம்மா விடுமுறை நாளில் மேலே வந்து பார்த்தாள். நாற்காலியும் கயிறுமாகக் கிடந்ததில் அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கூடத்தில் அவன் சரியாகத் திரும்புவதையும் சமையலறைக்குச் சரியாகப் போவதையும் பார்த்துக் கை தட்டினாள். கீழே இறங்கும்போது என்னைத் தனியாக நிறுத்தினாள்.

"எல்லாம் சரியா இருக்கு இல்ல, அண்ணி?"

"அளந்தவ நான்" என்றேன்.

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். எத்தனையோ நாள் காரணமில்லாமல் என்னைச் சந்தேகப்பட்டவள், சந்தேகப்பட வேண்டிய அன்று தேங்க்ஸ் என்றாள். நெற்றியில்கூட வியர்க்காமல் நான் நின்றேன். அவனிடம் மட்டும் அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள்: "பால்கனிப் பக்கமே போகாதீங்க, தடுப்பு இல்ல, பூட்டி வச்சிருக்கேன்." அவனும் போக மாட்டேன் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். அவன் மனசில் பால்கனி வலது கைப் பக்கம். அந்தப் பக்கம் போகக் கூடாது என்பதில் அவன் எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தான் தெரியுமா?

என் எண்ணம் என்ன என்பதையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அவனைக் கொல்வது என் எண்ணம் இல்லை. இடது பக்கம் திரும்புவான், இறக்கத்தில் கால் வைப்பான், ஏதோ சரியில்லை என்று உறைக்கும், அலறுவான். கை எட்டுகிற தூரத்தில் நான் நிற்பேன். இழுத்து உள்ளே போட்டுக்கொள்வேன். இந்த வீடு வேண்டாம் என்பான், அக்கா கூடவே இருக்கட்டும் என்பான். முக்காலியை விடக் கொஞ்சம் பெரிய விஷயம், அவ்வளவுதான்.

சாமான் வந்து இறங்கிய அன்று பிற்பகல். கட்டில் வந்துவிட்டது. அவள் குட்டியின் கையைப் பிடித்துக் கூட்டிவந்து கட்டிலில் உட்காரவைத்தாள். சரக்கு லிஃப்டை இத்தனை மணிக்குத்தான் தர முடியும் என்று கீழே காவலாளி மல்லுக்கு நிற்கிறான் என்று யாரோ வந்து சொன்னார்கள். வந்த ஆட்களையும் கூட்டிக்கொண்டு அவள் சண்டை போடக் கீழே போனாள். சண்டை என்றால் அவளுக்கு அல்வா மாதிரி. அவள் கைப்பை கதவுக் கொக்கியில் தொங்கியது. சாவியை எடுத்தேன், பால்கனிக் கதவைச் சத்தமில்லாமல் திறந்தேன், சாவியைத் திரும்பப் பையிலேயே போட்டேன். அவளை மாட்டிவிட அல்ல. எடுத்ததை எடுத்த இடத்தில் வைப்பது எங்கள் வீட்டுப் பழக்கம்.

"பெயிண்ட் வாசனை தூக்குதுக்கா" என்றான்.

"ஜன்னலைத் திறந்து வச்சிருக்கேன், போயிடும்."

"அக்கா, நான் பாத்ரூம் போறேன். நீ வராத, நானே போறேன். பாடம் ஒப்பிக்கப் போறேன் பாரு."

"போ" என்றேன்.

எழுந்தான். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான், யாரோ பார்ப்பதுபோல. இடது பக்கம் திரும்பினான். சுவரைத் தொடவே இல்லை. அவ்வளவு அழகாக நடந்தான். நான் செருப்பைக் கழற்றிவிட்டு அவன் பின்னாலேயே போனேன். சின்ன இறக்கத்தில் கால் வைத்தான், காற்று முகத்தில் அடித்தது, அது அவனுக்குப் பழக்கமான காற்றுதான். ஓர் எட்டு வைத்தான்.

நின்றுவிட்டான்.

வெயில். நாங்கள் எப்போதும் சாயங்காலம்தான் பழகினோம், நான் வெயிலை நினைக்கவே இல்லை. அவன் முகத்தைத் தூக்கினான். வெயில் நெற்றியில் விழுந்தது. கீழே எங்கேயோ ஒரு வண்டி ஹாரன் அடித்தது. அவன் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டான். புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன், பாதியாவது. காலை அசைக்கவில்லை. நான் கையை நீட்டிவிட்டேன். என் விரலுக்கும் அவன் சட்டைக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை. நான் நினைத்தபடியேதான் எல்லாம் நடந்துகொண்டிருந்தது. இனி அவன் கூப்பிட வேண்டியதுதான் பாக்கி.

கூப்பிட்டான்.

"டாக்டரம்மா" என்றான். ரொம்ப மெதுவாக. "டாக்டரம்மா, இங்க வாயேன்."

அவள் பதினோரு மாடிக்குக் கீழே இருந்தாள். நான் அவன் முதுகுக்குப் பின்னால் இருந்தேன். பயத்தில் அவன் வாயில் வந்தது அந்த வார்த்தை. அத்தனை வருஷம் தோளைப் பிடித்து நடத்தியவளின் பெயர் வரவில்லை.

கையை மடக்கிக்கொண்டேன்.

"என்னடா குட்டி, பயந்துட்டியா?" என்றேன். குரல் எனக்கே இதமாகக் கேட்டது. "மேல பெரிய ஜன்னல் இருக்குடா, அதான் வெயில். பேசின் உன் முன்னாடியேதான் இருக்கு. இன்னும் ஒரு எட்டு."

அவன் தோள் தளர்ந்தது. சிரித்தான்.

"நீ இருக்கியா அக்கா? ஒரு நிமிஷம் உயிரே போயிடுச்சு" என்றான். கையை நீட்டிக்கொண்டு ஓர் எட்டு வைத்தான்.

இவ்வளவுதான் நடந்தது. நீங்கள் அவளை விடாமல் கேள்வி கேட்பதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. வளாகத்தில் எல்லோரும் அவள் சாவி, அவள் அஜாக்கிரதை, அவளால்தான் போனான் என்கிறார்கள். அவளும் ஆமாம், என்னால்தான் என்று அழுகிறாள். அவன் உயிரோடு இருந்தவரை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டாள். இதையும் அவளுக்குக் கொடுக்க எனக்கு மனசில்லை. அவன் கூப்பிட்டது அவளை, அதை நான் மறுக்கவில்லை, அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே இதையும் எழுதுங்கள். கடைசியில் அவன் நம்பியது என் பேச்சைத்தான்.